சுரண்டத் தெரியாதவர்கள் ஊற்ற வேண்டாம்!

"மாமா, பழைய பெட்டிங்கை எடுக்கறது ஒரு விஷயமே இல்ல. ஹாட் ஏர் கன்ல சூடு காட்டி, சின்ன கிரைண்டர் போட்டா ரெண்டு மணி நேரத்துல சுத்தமா வந்துடும். அப்புறம் புதுசா ஊத்திட வேண்டியதுதான்."

போன வாரம் என் தங்கை மகன் தொலைபேசியில் சொன்னது இது. அவன் மாமனார் வைத்திருந்த பழைய ரைபிள் இப்போது முறைப்படி அவன் மனைவி பெயருக்கு மாறியிருக்கிறது. அதன் கட்டைக்குள் எப்போதோ யாரோ ஊற்றிய பசை, பொருக்குப் பொருக்காக விட்டுப் போயிருக்கிறதாம். ஒரு கடையில் காட்டியிருக்கிறான். கடைக்காரர் சொன்னதை அப்படியே என்னிடம் ஒப்பித்தான்.

"ஊத்தறது இருக்கட்டும்டா. எடுக்கப் போறவன் யாரு? அவனுக்கு மரத்தைப் பத்தித் தெரியுமா?" என்று கேட்டேன்.

சிரித்தான். "என்ன மாமா, எடுக்கறதுக்கு என்ன தெரியணும்?"

இந்தக் கேள்விக்குத் தொலைபேசியில் பதில் சொல்லி மாளாது. அதனால் இங்கே எழுதுகிறேன். வீட்டில் துப்பாக்கி இல்லாதவர்களும் தயவுசெய்து படியுங்கள். பழைய நிலைக்கதவு, ஊஞ்சல் பலகை, பாட்டியின் தேக்குப் பெட்டி, ஊர்க்கோயில் மண்டபம் என்று ஏதாவது ஒன்று நம் எல்லாருக்கும் இருக்கிறது. அவற்றுக்கும் இதே ஆபத்துதான்.

முதலில் சட்டம். முப்பத்தாறு வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு கட்டியவன், சட்டத்தைச் சொல்லாமல் ஆரம்பித்தால் எனக்கே தூக்கம் வராது. 1959 ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5 ஆவது பிரிவின்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்க வேண்டாம். நான் எழுதுவது, உரிமம் உள்ள பட்டறையில் கொடுக்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளைத்தான்.

எங்கள் வீட்டு ரைபிள் கதையைச் சொன்னால் விளங்கும்.

அப்பா, திருக்கழுக்குன்றத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவில் உள்ள எங்கள் ஊரின் கர்ணம். 1980 நவம்பரில் அரசு பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவியை ஒழித்த நாள்வரை அந்த வேலையில் இருந்தார். 1968 இல் ஒரு .315 ரைபிள் வாங்கினார். வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. பட்டாளத்தில் புழங்கிய பழைய லீ என்ஃபீல்ட் துப்பாக்கியின் அமைப்பு. தோட்டா மட்டும் வேறு. வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கும் காட்டுப்பன்றிக்காக வாங்கியது. 1972 இல் வனவிலங்குச் சட்டம் வந்தபின் அது அலமாரியை விட்டு வெளியே வந்ததெல்லாம் துடைப்பதற்கும், உரிமத்தைப் புதுப்பிக்கும்போது காட்டுவதற்கும், தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதற்கும்தான். அதில் அப்பாவுக்கு வருத்தமும் இல்லை. வேடந்தாங்கல் பறவைகளைச் சுடக் கூடாது என்று 1798 இலேயே கலெக்டர் லயோனல் பிளேஸிடம் ஊரார் கவுல் வாங்கிய மாவட்டம் இது.

நான் அம்மா வீட்டில், புதுச்சேரியில், பிரெஞ்சு மொழியில் படித்தவன். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அப்பா திண்ணையில் சாக்கு விரித்து ரைபிளைத் துடைத்துக்கொண்டிருப்பார். துப்பாக்கிக் கட்டையைப் பிரெஞ்சில் 'குரோஸ்' என்பார்கள். நான் பெருமையாக அந்தச் சொல்லைச் சொல்ல, "குரோசும் இல்ல, கிராசும் இல்ல. கட்டைன்னு சொல்லு. மரம் எதுன்னு சொல்லு. அதான் முக்கியம்" என்பார். மரம் வால்நட். காபிக்கொட்டை நிறத்தில் கறுப்பு ரேகை ஓடும். அந்த ரேகைகளை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு என்னால் வரைய முடியும்.

பெட்டிங் என்றால் என்ன என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியின் இரும்பு உடம்பு மரக்கட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது. சுடும்போது அது பின்னால் உதைக்கும். அந்த உதையை மரத்தில் வெட்டிய சில சிறு தாங்குமுகங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். இரும்பு மரத்தில் ஆடாமல், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால்தான் குறி ஒரே இடத்தில் விழும். மரமோ மழைக்காலத்தில் ஊதும், கோடையில் சுருங்கும். கடலோரத்தில் கேட்கவே வேண்டாம். கார்த்திகையில் எங்கள் வீட்டு ஜன்னல் சாத்தாது, சித்திரையில் அதே ஜன்னல் தாழ்ப்பாள் இல்லாமல் நிற்காது. இப்படி மரம் தேய்ந்து இடைவெளி விழும்போது அதை நிரப்பி, இரும்புக்கு ஏற்ற படுக்கை செய்து கொடுப்பதுதான் பெட்டிங்.

அந்தக் காலத்துப் பட்டாளத்து ஆயுதப் பணியாளர்கள் இதற்குப் பசை ஊற்றவில்லை. தேய்ந்த இடத்தைச் சதுரமாக வெட்டி, நல்ல மரத்துண்டை இழைத்துப் பொருத்துவார்கள். ஆஸ்திரேலியாவில் லித்கோ தொழிற்சாலையில் இதே லீ என்ஃபீல்டுக்கு உள்ளூர் மரம் போட்டபோது, மரம் மென்மையாக இருந்ததால் உதை விழும் இடத்தில் செம்புத் தகடு வைத்தார்கள். மரத்துண்டோ செம்போ, எதுவானாலும் அடுத்து வருகிறவன் அதைக் கழற்றிவிட்டு வேறு வைக்கலாம்.

எங்கள் ரைபிளுக்கு 1974 இல் இந்த வேலை வந்தது. நான் அரசு வேலையில் சேர்ந்து ஒரு வருடம். அப்பாவுடன் சென்னைக்குப் போனேன். துப்பாக்கிக் கடையின் பின்கட்டில் ஒரு வயதான ஆசாரி உட்கார்ந்திருந்தார். தேய்ந்த இரண்டு மூலையிலும் வால்நட் துண்டு வைத்தார். ரேகை பார்த்து, ஓட்டம் பார்த்து, நாலு துண்டை ஒதுக்கிவிட்டு ஐந்தாவதை எடுத்தார். வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மர ஆணி அடித்தார். "பசை ஏன் இந்தப் பழைய வஜ்ஜிரம்?" என்று அப்பா கேட்டார். ஆசாரி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நாளைக்கு வேணாம்னா வெந்நீர் துணி போட்டா விட்டுடும் சாமி. நம்ம வேலைய நாளைக்கு இன்னொருத்தன் பிரிக்கணும் இல்ல?"

1991 இல் அப்பா போய்விட்டார். உரிமம் என் பெயருக்கு வந்தது. இங்கே என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். கடல் காற்றில் துரு பிடிக்குமே என்று பயந்து எண்ணெயை ஊற்று ஊற்றென்று ஊற்றி, குழல் மேலே பார்க்க நிறுத்தி வைத்தேன். எண்ணெய் மெதுவாக இறங்கி, இரும்பும் மரமும் சேரும் இடத்தில் ஊறியது. எண்ணெய் ஊறிய மரம் கறுத்து, இளகி, சொதசொதவென்று ஆகிவிடும். (துப்பாக்கி வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: எண்ணெய் ஒரு துளி போதும். துடைத்தபின் கொஞ்ச நேரம் குழல் கீழே பார்க்க வைத்து, மிச்ச எண்ணெயை வெளியே வரவிடுங்கள்.)

1994 இல் உடம்பு ஆடுகிறது என்று ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் எபாக்சிப் பசையை, நாம் எல்லாரும் அரால்டைட் என்று சொல்கிற அந்த வகையை, மரத்தூளுடன் குழைத்து உள்ளே ஊற்றி இறுக்கிவிட்டார்கள். கல் மாதிரி நின்றது. நானும் மகிழ்ச்சியாகக் காசு கொடுத்தேன். எண்ணெய் ஊறிய மரத்தில் எபாக்சி பிடிக்காது என்பது எனக்குத் தெரியாது; அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிடிக்கவும் இல்லை. வருடங்கள் போகப் போக அது மரத்தை விட்டு நகர்ந்து, ஓரம் நொறுங்கி, கறுப்புத் தூள் கொட்டத் தொடங்கியது. 2023 இல் இன்னொரு கடைக்கு எடுத்துப் போனேன். அங்கேதான் முதல்முறையாக இந்த மந்திரத்தைக் கேட்டேன்: "ரெண்டு மணி நேரம் சார். எடுத்துட்டுப் புதுசா ஊத்திடலாம்."

பையன் சின்ன கிரைண்டரை எடுத்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறத் தூள் பறந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். திடீரென்று தூள் காபிக்கொட்டை நிறத்துக்கு மாறியது. பசை முடிந்து மரம் வருகிறது என்று மூளை சொல்வதற்குள் நான் எழுந்து, "நிறுத்துப்பா! நிறுத்து!" என்று கத்திவிட்டேன். பையன் பயந்து நிறுத்தினான். பார்த்தால், அந்த ஆசாரி வைத்த இரண்டு துண்டுகளில் ஒன்று பாதி போயிருந்தது. மர ஆணியின் தலை தனியாக வெள்ளையாகத் தெரிந்தது.

அந்த நிமிடம் ஒன்று புரிந்தது. 1994 இல் பசையை ஊற்றியவர்கள் அந்தத் துண்டுகளை எடுக்கவில்லை, பார்க்கவும் இல்லை. இருபது வருடம் நின்ற நல்ல வேலையின் மேலேயே ஊற்றி மூடிவிட்டார்கள். அடியில் இருந்தது நன்றாகவே இருந்தது. கெட்டுப்போனது மேலே ஊற்றியது. ஆனால் வெட்டு விழுந்தது அடியில் இருந்ததற்கு.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கிரைண்டரின் பல்லுக்குப் பசைக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. எபாக்சி வால்நட்டை விடக் கடினம். கடினமானதை வெட்டும் வேகத்தில் போகிற கருவி, மென்மையானதில் நுழைந்தால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். ஹாட் ஏர் கன்னும் அப்படித்தான். சாதாரண வெப்பத்தில் இறுகிய எபாக்சி, 60, 70 டிகிரியைத் தாண்டும்போதே விறைப்பு விட்டு இளகத் தொடங்கும். அந்த அளவு சூடு போதும். ஹாட் ஏர் கன் காற்றோ 300 டிகிரிக்கு மேல் சுலபமாகப் போகும். மரம் கருகுவதற்கு அது தாராளம். தின்னர், அசிட்டோன் ஊற்றினால் கரையும் என்பதும் கதை. இறுகிய எபாக்சி அவற்றில் கரையாது, கொஞ்சம் ஊறி வீங்கும், அவ்வளவுதான். வெளிப் பாலிஷ்தான் கரைந்து ஓடும்.

மூன்றாவதாக ஒரு கடைக்குப் போனேன். முதலாளி என் வயதுக்காரர். கட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு உண்மையைச் சொன்னார்: "சார், ஊத்தற வேலைக்கு என்கிட்ட மூணு பேர் இருக்காங்க. எடுக்கற வேலைக்கு ஒருத்தனும் இல்ல."

இந்தக் கட்டுரையே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். மாமல்லபுரத்தில் சிற்பி. 1957 இல் தொடங்கிய அந்த ஊர் அரசுச் சிற்பக் கல்லூரியில் படித்தவர். கல்லும் தெரியும், மரமும் தெரியும். கடை முதலாளி ஒத்துக்கொண்டார். ரைபிள் கடையை விட்டு வெளியே போகக் கூடாது, இரும்பைத் தனியாகப் பூட்டி வைத்துவிட்டு மரத்தை மட்டும் தன் கண் முன்னாலேயே வேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனை. பிரிக்கும் வேலையை அவரே செய்தார். லீ என்ஃபீல்டில் முன்கட்டையை முதலில் எடுக்காமல், பின்கட்டையின் நீளமான போல்ட்டைத் திருகக் கூடாது. திருகினால் முன்கட்டை பிளந்துவிடும். அவசரக்காரர்கள் பிளந்த கட்டைகள் இரண்டை எடுத்துக் காட்டினார்.

சிற்பி முதல் நாள் ஒன்றுமே செய்யவில்லை. அதைப் பார்த்து எனக்குக்கூடக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. விரல் நகத்தால் தட்டித் தட்டிக் கேட்டார். ஒட்டியிருக்கும் இடத்தில் ஒரு சத்தம், விட்டுப் போன இடத்தில் வேறு சத்தம். பென்சிலால் கோடு போட்டுப் பிரித்தார். "ஐயா, எங்க ஊர்ல ஐந்து ரதத்தைப் பாத்திருப்பீங்க. ஒரே பாறையில மேலேருந்து வெட்டிக்கிட்டு வந்தது. எடுத்த கல்லை யாரும் திருப்பி ஒட்டினது இல்ல. அதனால வெட்டறதுக்கு முன்னாடி பாக்கறதுதான் பாதி வேலை" என்றார்.

இரண்டாம் நாள், விட்டுப் போன இடங்களை மட்டும் மூங்கில் சிம்பு கொண்டு நெம்பி எடுத்தார். இரும்பு தொடவே இல்லை. மூங்கில் மரத்தைக் கீறாது. மூன்றாம் நாள், ஒட்டியிருந்த இடங்கள். சால்டரிங் அயர்னின் முனையைப் பசை மேல் மட்டும் சில விநாடி வைத்து, இளகியதும் எடுத்துவிட்டு, ஆக்சா பிளேடு துண்டைத் தீட்டிச் செய்த சுரண்டியால் மரத்தின் ஓட்டத்தோடு ஒரே பக்கமாக வழித்தார். ஜன்னல் எல்லாம் திறந்து, மூக்கில் முகமூடி. பசை கடைசி மெல்லிய தாளாக ஆனதும் சூட்டை நிறுத்திவிட்டு வெறும் சுரண்டி. உப்புத்தாளை எடுக்கவே இல்லை. "உப்புத்தாள் மேடு பள்ளம் பாக்காது ஐயா. எல்லாத்தையும் தேய்க்கும். மூலை மழுங்கிடும். மூலைதானே உதையை வாங்கணும்?"

ஓர் இடத்தில் பழைய பசை கெட்டியாக நின்றது. அதை விட்டுவிட்டார். "இது எதுக்குப் போகணும்? நல்லாத்தானே இருக்கு" என்றார். நான் கற்ற பெரிய பாடம் இது. பழையது என்பதற்காக எடுப்பதில்லை. கெட்டது என்றால்தான் எடுப்பது. எபாக்சி பெட்டிங் கெட்ட வேலை என்று நான் சொல்லவில்லை. சுத்தமான மரத்தில், இரும்பில் ஒட்டாமல் மெழுகு பூசி, அளவாக ஊற்றினால் நல்ல வேலை. நன்றாக நிற்பதை நோண்டாதீர்கள்.

பிறகு எண்ணெய். சாக் பவுடரை அசிட்டோனில் குழைத்து, கறுத்த இடத்தில் களிம்பு மாதிரி அப்பி, காயவிட்டார். (சால்டரிங் அயர்ன் அன்று அந்த அறையிலேயே கிடையாது. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும்.) காய்ந்தபோது வெள்ளை மாவு பழுப்பாகியிருந்தது. மரத்தில் இருந்த என் எண்ணெய், என் முட்டாள்தனம், அந்த மாவில் ஏறியிருந்தது. துடைத்துவிட்டு மறுபடி அப்பினார். ஆறு தடவை.

"இது எங்க கத்துக்கிட்டீங்க?" என்றேன். "கத்துக்க என்ன இருக்கு? கடற்கரைக் கோயில்ல தொல்லியல் துறைக்காரங்க காகிதக் கூழை நனைச்சு அப்புவாங்களே, அதே கணக்குதான்" என்றார். ஆயிரத்து முந்நூறு வருடக் கோயில். உப்புக் காற்று கல்லுக்குள் உப்பை ஏற்றிவிடுகிறது. தண்ணீரில் ஊறிய காகிதக் கூழைக் கல்லின் மேல் அப்பினால், காயும்போது உள்ளே இருக்கும் உப்பு கூழுக்கு வந்துவிடும். உரிப்பதில்லை, அடிப்பதில்லை, இழுத்து எடுக்கிறார்கள். கல்லின் தோல் அப்படியே நிற்கிறது.

மொத்தம் மூன்று வாரத்தில் ஐந்து நாள் வேலை. பாதி போன துண்டுக்குப் பதில் புதிய வால்நட் துண்டு பொருத்தப்பட்டது. மற்ற துண்டு, 1974 இல் ஆசாரி வைத்தது, அப்படியே இருக்கிறது.

கணக்கு முடிக்கும்போது இன்னொரு வேடிக்கை. கடையின் பில் புத்தகத்தில் 'பெட்டிங் புதிது' என்று அச்சடித்த வரி இருக்கிறது. 'பாலிஷ்' என்று ஒரு வரி இருக்கிறது. பழையதை எடுத்ததற்கு வரி இல்லை. ஐந்து நாள் வேலையை 'இதர வேலை' என்று கடைசியில் எழுதினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது; அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் அதே வரியைத்தான் நான் என் பணிக்காலம் முழுவதும் மதிப்பீடுகளில் பார்த்திருக்கிறேன். புதுப் பூச்சு, இத்தனை சதுர மீட்டர், இன்ன விலை. பழைய பூச்சை அகற்றுவது? ஒரு வரியில், ஒரு சொற்பத் தொகை. அதைச் சதுர மீட்டரில் அளந்தால் வேகமாக அகற்றுகிறவனுக்குத்தான் லாபம். மெதுவாக, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்து அகற்றுகிறவனுக்கு நஷ்டம். பிறகு எவன் மெதுவாக அகற்றுவான்?

நம் கோயில்களில் நடந்தது இதுதானே? சுவரில் ஏறிய சுண்ணாம்பையும் பெயிண்டையும் எடுக்க மணலைக் காற்றழுத்தத்தில் வீசி அடித்தார்கள். பெயிண்ட் போயிற்று, அதோடு கல்லின் தோலும், கல்வெட்டின் எழுத்தும் போயின. பிறகு தடை வந்தது. சுண்ணாம்புச் சாந்தில் நின்ற கட்டடத்தின் மேல் சிமெண்டைப் பூசினார்கள். சுண்ணாம்பு செங்கல்லை விட மென்மை. ஈரத்தை வெளியே விடும். தேவைப்பட்டால் செங்கல் உடையாமல் சுரண்டி எடுக்கலாம். சிமெண்ட் செங்கல்லை விடக் கடினம். ஈரத்தை உள்ளேயே அடைக்கும். எடுக்கும்போது செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு வரும். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பழங்கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காக்க 75 உத்தரவுகள் போட வேண்டியிருந்தது. துப்பாக்கிக் கட்டையில் வால்நட்டின் மேல் எபாக்சி என்ன செய்ததோ, அதைத்தான் கோயில் சுவரில் சிமெண்ட் செய்தது. அப்பொருள்கள் கெட்டவை அல்ல. இடம் தெரியாமல், எடுப்பது எப்படி என்று யோசிக்காமல் வைத்ததுதான் கேடு.

எதிர்க்கேள்விகள் வரும் என்று தெரியும். என் தங்கை மகன் ஏற்கெனவே மூன்று கேட்டுவிட்டான்.

"மாமா, ஐந்து நாள் கூலி கொடுத்தா புதுக்கட்டையே வாங்கிடலாமே?" வாங்கலாம். துப்பாக்கி சரியாகவும் வேலை செய்யும். ஆனால் அது உன் மாமனார் கன்னம் வைத்த கட்டை இல்லை. அந்தக் கட்டை வேண்டாம் என்று நீ முடிவு செய்தால் அது உன் உரிமை. வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கிரைண்டருக்குக் கொடுப்பதைத்தான் நான் கேட்கிறேன்.

"இந்தக் காலத்துல யாருக்கு மாமா இவ்வளவு பொறுமை?" பொறுமை காலத்தைப் பொறுத்தது இல்லை, கூலியைப் பொறுத்தது. அந்தச் சிற்பிக்கு ஐந்து நாளுக்குச் சம்பளம் உண்டு என்று தெரிந்ததால் ஐந்து நாள் உட்கார்ந்தார். கிரைண்டர் பையனுக்கு இரண்டு மணி நேரத்துக்குத்தான் காசு. அவன் இரண்டு மணி நேரம் வேலை செய்தான். குற்றம் யாருடையது?

"வஜ்ஜிரம் நல்லதுன்னா ஏன் எல்லாரும் விட்டுட்டாங்க?" நியாயமான கேள்வி. கடலோர ஈரத்தில் வஜ்ஜிரம் இளகும். எங்கள் துண்டு நின்றதற்கு மர ஆணியும் காரணம். எல்லாரும் வஜ்ஜிரத்துக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆசாரி தனக்குப் பின்னால் வருகிறவனை நினைத்தார். நீங்கள் எதை வேண்டுமானாலும் ஊற்றுங்கள், அந்த நினைப்போடு ஊற்றுங்கள் என்கிறேன்.

புதுச்சேரிப் பள்ளியில் நாங்கள் மைப் பேனாவால்தான் எழுத வேண்டும். தவறு வந்தால் அழிக்க 'கிராத்துவார்' என்று ஒரு சிறு கத்தி இருக்கும். மையை மட்டும் தாளின் மேலிருந்து சுரண்ட வேண்டும். அவசரப்பட்டால் தாள் ஓட்டையாகும். மெல்லியதாகிவிட்டால் அதன்மேல் எழுதும் மை ஊறிப் பரவும். நான் ஓட்டை போட்டுக் கொண்டுபோனால் எங்கள் ஆசிரியர் தவறாக எழுதியதற்கு ஒரு மதிப்பெண் குறைப்பார், ஓட்டை போட்டதற்கு இரண்டு குறைப்பார். அப்போது அநியாயம் என்று நினைத்தேன். பிறகு அரசு வேலைக்கு வந்தால், பதிவேட்டில் சுரண்டவே கூடாது என்றார்கள். தவறான பதிவை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். அடித்த பழைய பதிவு படிக்கத் தெரிய வேண்டும். ஏன் என்றால், நாளைக்கு வருகிறவனுக்கு நேற்று என்ன இருந்தது என்று தெரிய வேண்டும்.

இரண்டு இடத்திலும் ஒரே பாடம்தான். திருத்துகிற உரிமை உனக்கு உண்டு. அடுத்தவன் திருத்த முடியாதபடி செய்யும் உரிமை இல்லை.

ஆகவே தங்கை மகனுக்கும், அவனைப் போன்றவர்களுக்கும் நான் சொல்வது இவ்வளவுதான். கடையில் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு ஆகும்?" என்று இருக்கக் கூடாது. "எடுக்கத்தான் வேண்டுமா? எதை வைத்து எடுப்பீர்கள்? அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? புதிதாக வைப்பதை நாளைக்கு எப்படிப் பிரிப்பது?" இந்த நான்குக்கும் பதில் சொல்லத் தெரியாதவர் கையில் கட்டையைக் கொடுக்காதே. நிலைக்கதவையும் கொடுக்காதே. கோயில் திருப்பணிக் குழுவில் நீங்கள் இருந்தால், மண்டபத்தையும் கொடுக்காதீர்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் கிடைத்தால் பேரம் பேசாதீர்கள். பில்லில் 'இதர வேலை' என்று எழுத விடாமல், 'பழையதை அகற்றியது' என்று தனி வரியாக எழுதச் சொல்லி, அதற்குரிய காசைக் கொடுங்கள்.

எங்கள் ரைபிள் இப்போது குழல் துடைத்து, எண்ணெய் ஒரு துளியோடு அலமாரியில் இருக்கிறது. உரிமப் புத்தகத்தின் உறையில் ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். எந்தப் பக்கத்துத் துண்டு 1974 ஆம் வருடத்தது, எது புதியது, எந்த மூலையில் பழைய எபாக்சி இன்னும் இருக்கிறது, புதிய துண்டை எந்தப் பசையால் ஒட்டியது, எப்படிப் பிரிப்பது என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். அடுத்து இந்தக் கட்டையைப் பிரிக்கப் போகிறவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவர் தேடி அலையக் கூடாது.

தங்கை மகன் இதைப் படித்துவிட்டு நாளைக்குப் பேசுவான். கடைக்காரரிடம் வெள்ளிக்கிழமை கட்டையைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறானாம். இன்னும் மூன்று நாள் இருக்கிறது. சிற்பி நண்பரின் எண்ணை அவனுக்கு அனுப்பிவிட்டேன்.